கணக்கில் சேராத விளக்கு

ஹோகன்டான் ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிய வேண்டுமானால் டிராவ்கோட் மாஸ்டரின் பேக்கரிக்குப் போக வேண்டும். அதுவே டிசம்பராக இருந்தால் அங்கேயும் போக வேண்டாம், தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். கிழக்கு ஜெர்மனியின் சுரங்க மலை ஊர்களில் அந்த மாதம் ஜன்னல்களே பேசிவிடும். வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருந்தால் ஜன்னலில் மரத்தால் செய்த ஒரு சுரங்கக்காரன் நிற்பான். பெண்பிள்ளை இருந்தால் ஒரு தேவதை. பிள்ளைக்கு ஒன்று. இருவருக்கும் இரண்டு கையிலும் மெழுகுவத்தி. நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வேலை முடிந்து வருகிறவர்கள் ஒவ்வொரு ஜன்னலையும் எண்ணிக்கொண்டே வீடு போய்ச் சேர்வார்கள்.

கெர்லிண்ட் லோட்ஷ் அந்த பேக்கரியில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறவள். டிசம்பரில் ஊர்ப்பெண்கள் மாவும் வெண்ணெயும் திராட்சையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாஸ்டர் பிசைந்து, ஸ்டோலன் என்கிற கிறிஸ்துமஸ் ரொட்டியாகச் சுட்டுத் தருவார். எந்த ரொட்டி யாருடையது என்று தெரிய, வீட்டுப்பெயர் பொறித்த தகரத்துண்டு ஒன்றை மாவில் குத்திவைப்பது வழக்கம். தகரம் கழன்று விழுந்தாலும் கெர்லிண்ட் தடுமாற மாட்டாள். திராட்சையின் நெருக்கத்தை வைத்தே, "இது வாத்தியார் வீடு, மேற்கு ஜெர்மனியில சொந்தக்காரங்க இருக்காங்க, திராட்சை அனுப்புவாங்க" என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளைக்கு எண்பது ரொட்டி. பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூட வீடு மாறிப் போனதில்லை.

ஆனால் 1986ஆம் வருட டிசம்பரில் அவள் வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னால் வேலையை விட்டு நிற்க வேண்டும் என்பது அரசாங்கச் சட்டம். ஜனவரி ஐந்து என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். சும்மா இருந்து பழக்கமில்லாதவளுக்கு, வீடு நிறைய நேரமும் அந்த நேரம் நிறைய யோசனையும் வந்து சேர்ந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளில் முதலாவது, முதல் அட்வென்ட். அதற்கு முந்தைய நாள் பொம்மைகளை எழுப்புவார்கள். அந்த ஊரில் அப்படித்தான் சொல்வது. அவள் கணவன் ஃபால்க் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு விறகு பிளக்கப் போனான். வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அகன்ற தோள்காரன், பேச்சு குறைவு. புகை விடும் மரக்கிழவனை அலமாரியில் வைத்தாள். ஏழு மெழுகுவத்தி வளைவை முன்னறை ஜன்னலில் வைத்தாள். மெழுகுச் சூட்டில் சுழலும் காற்றாடிக் கோபுரத்தின் இறக்கைகளைத் துடைத்து மாட்டினாள். கடைசிப் பெட்டியின் அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒன்று கையில் தட்டியது.

அது என்னவென்று பிரிக்காமலே தெரியும். சுற்றியவள் அவள்தான்.

நாலு வருடம் முன்பு அவள் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தாள். ஃபால்க்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்தான் என்று அவனே முடிவு செய்து, கடைசல்காரரிடம் சொல்லிவைத்து ஒரு தேவதையை வாங்கிவந்தான். முதல் அட்வென்டிலேயே ஜன்னலில் ஏற்றியும் விட்டான். பிறக்காத பிள்ளைக்கு அந்த மலையில் யாரும் விளக்கு வைப்பதில்லை. ஊர் பார்த்தது, உதட்டைச் சுழித்தது, கடந்துபோனது. டிசம்பர் ஒன்பதாம் தேதி பெண்பிள்ளையே பிறந்தது. டோரித் என்று பெயர் எழுதினார்கள். இதயத்தில் ஓட்டை. பதினோராம் தேதி காலையில் போய்விட்டது.

வீடு திரும்பியதும் கெர்லிண்ட் செய்த முதல் வேலை, தேவதையைச் செய்தித்தாளில் சுற்றியதுதான். அன்றைக்கு மெழுகுவத்திகளில் ஒரு விரல் நீளம் மிச்சம் இருந்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊதி அணைத்தவளும் அவள்தானே.

இப்போது பிரித்துப் பார்த்தாள். தேவதையின் இரண்டு கைக் கிண்ணங்களிலும் மெழுகு இல்லை. உருகி இறுகிய ஒரு தகடும், அதன் நடுவில் கரித்திரியும்தான் இருந்தன.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபால்க்காக இருக்குமோ என்று தோன்றவே இல்லை. அவள் பொம்மையைச் சுற்றிய அன்று அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்குப் பிறகு குழந்தையின் பெயரை அவன் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த வயிற்றுப்பிள்ளை அசையாமல் கிடந்தது. தட்டிப் பார்த்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பெட்டியை மூடி, பரண் ஏணியின் அடியில் தள்ளிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே ஒரு குதிகால் மெல்ல நகர்ந்தது.

அன்றிலிருந்து வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். பகலில், ஃபால்க் சுரங்கத்தில் இருக்கும் நேரத்தில், பரண் ஏணிப் பக்கம் போனால் மெழுகு வாசனை வந்தது. பஞ்சு வைத்துத் தைத்த சின்ன மெத்தையைத் தொட்டில் மேல் விரித்துவைத்தால், திரும்பி வரும்போது அது நடுவில் அமுங்கிக் கிடப்பதாகத் தெரிந்தது. இருந்திருந்தால் இப்போது ஏணியின் மூன்றாம் படி வரை ஏறியிருப்பாள், நாலாம் படிக்குக் கால் எட்டாது என்று கெர்லிண்ட் தன்னையறியாமல் அளந்துகொண்டிருந்தாள். அந்த அளவு அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பிள்ளையைப் பார்த்து அல்ல அவள் பயந்தது. அதற்கு என்ன வேண்டும் என்று தெரியாததுதான் பயம். தனியாக இருக்கிறாளா? துணைக்கு ஒருவரைக் கேட்கிறாளா?

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை பேக்கரிக்குத் தன் வீட்டு மாவைக் கொண்டுபோகும் நாள். அந்தப் பையிலேயே தேவதையையும் போட்டு எடுத்துப்போய், மாஸ்டரின் அடுப்பில் தள்ளிவிட வேண்டியது. வீட்டு அடுப்பில் எரிக்க அவளால் முடியாது. அந்த வெப்பத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே. இந்தப் பிள்ளை வருவதற்குள் அது வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்.

செவ்வாய் மதியம் ஏணியடியில் குனிந்து பார்த்தாள். பெட்டி இருந்தது. செய்தித்தாள் இருந்தது. தேவதை இல்லை.

எல்லாப் பெட்டியையும் கவிழ்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மாவுப்பையைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு பேக்கரிக்கு நடந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பேக்கரியில் இடிபட நின்றது கூட்டம். அவளைப் பார்த்ததும் மாஸ்டர் மாவுக்கையோடு வெளியே வந்தார்.

"வாம்மா வா! நீ இல்லாம ஒரே குழப்பம். நேத்து பாதிரியார் வீட்டு ரொட்டி போலீஸ்காரர் வீட்டுக்குப் போயிடுச்சு."

"போலீஸ்காரர் திருப்பிக் குடுத்தாரா?"

"முக்கால்வாசி குடுத்தாரு."

கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டு மெல்ட்ஸர் அம்மா அவள் வயிற்றைப் பார்த்துத் தலையாட்டினார். அறுபது வயது, விதவை. தெருவின் ஜன்னல் கணக்கு முழுவதும் அவரிடம்தான் இருந்தது.

"உள்ள ரெண்டு ஸ்டோலன் இருக்கும் போலிருக்கே, கெர்லி!"

"ஒண்ணுதான் அம்மா. ஈஸ்ட் கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"மாஸ்டர், என் ரொட்டில எலுமிச்சைத் தோல் போட்டீங்களா, இல்ல போன வருஷம் மாதிரி பச்சைத் தக்காளியச் சர்க்கரைப் பாகுல போட்டு ஏமாத்திட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"அரசாங்கம் என்ன அனுப்புதோ அதத்தாம்மா போடறேன். தக்காளிக்கு என்ன கொறச்சல், அதுவும் பழம்தான்."

அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு ரொட்டி உடைந்தது. இளம் மனைவி ஒருத்தி பலகையிலிருந்து தூக்கும்போது கையோடு இரண்டானது. கூட்டம் சட்டென்று அடங்கியது. ஸ்டோலன் உடைந்தால் அடுத்த வருடத்துக்குள் அந்த வீட்டில் ஒரு சாவு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் முகம் மாவைவிட வெளுத்தது.

கெர்லிண்ட் பழக்கத்தில் முன்னால் போய்விட்டாள். "சூடா தூக்கினா ஒடையத்தான் செய்யும், கண்ணு. பன்னெண்டு வருஷத்துல எத்தன ஒடஞ்சதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கெல்லாம் ஆள் போயிருந்தா இந்நேரம் இந்த ஊர்ல மாஸ்டரும் நானும்தான் மிச்சம். வெண்ணெயத் தடவி ஒட்டவை, சர்க்கரையக் கொட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

பெண் அழுதுகொண்டே சிரித்தாள். மெல்ட்ஸர் அம்மா மட்டும் கெர்லிண்டின் காதருகே குனிந்தார். "அது சரி. ஆனா இந்தத் தடவ ஜன்னல்ல ஒண்ணும் வெக்கலயே? நல்ல காரியம். வெக்காதீங்க. ஒரு தடவ பட்டது போதும்."

கெர்லிண்ட் மாவுப்பையை மேசையில் வைத்தாள். தகரத்துண்டை மாஸ்டரிடம் கொடுத்தாள். ஐந்து மணி வரை இருந்து உதவுவதாகத்தான் வந்திருந்தாள். "மூச்சு முட்டுது, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினாள்.

முன் தெரு கண்ணாடிபோல உறைந்து கிடந்தது. இந்த வயிற்றோடு அதில் இறங்க பயந்து காட்டோரப் பாதையில் சுற்றி வந்தாள். மணி நாலு. பனி நீலமாகிக்கொண்டிருந்தது. காட்டுப்பக்கம் யாரும் விளக்கு வைப்பதில்லை, பார்க்க யாருமில்லை. ஊசியிலை மரங்களைத் தாண்டி வளைவில் திரும்பியபோது அவளுடைய வீட்டின் பின்புறம் தெரிந்தது.

பரண் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுடர்கள். நடுவில் ஒரு சின்னத் தலை.

ஓட வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அசைவில்லை. சுடர்கள் ஒரு முறை இரண்டும் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தன, யாரோ பக்கத்தில் மூச்சு விட்டதுபோல. 'வேண்டாம், இதை விட்டுவிடு' என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று பின்னால் கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள்.

பின்கதவு திறந்திருந்தது. ஏணியில் ஏறினாள். மூன்றாம் படி, நாலாம் படி. தலை பரணுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தவை சுரங்கக்காரனின் கனத்த பூட்ஸ்கள்.

ஃபால்க் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. எதிரே ஜன்னல் விளிம்பில் தேவதை நின்றது.

"நீயா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவன் திருடனைப் போல எழுந்தான். "அஞ்சு மணி ஆகும்னு சொன்ன... ஏணில ஏறலாமா நீ? இரு, கையக் குடு."

"எத்தன வருஷமா?"

அவன் அவளைத் தூக்கி உள்ளே நிறுத்திவிட்டுத்தான் பேசினான். "எல்லா வருஷமும். இன்னைக்கு, ஒன்பதாம் தேதி ஒரு நாள் மட்டும். காலைல வேலைக்குப் போகும்போதே இத எடுத்து மேல ஒளிச்சிட்டு, திரும்பி வந்து புது மெழுகு வெப்பேன். அணையற வரைக்கும் உக்காந்திருப்பேன். நீ பேக்கரில இருப்ப, உனக்குத் தெரியாது."

"இங்க எதுக்கு வெக்கிற? இந்தப் பக்கம் மரத்தத் தவிர யாரு பாப்பா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதான்."

"நான் பாத்தேன். காட்டுப் பாதைல நின்னு. உயிரே போயிடுச்சு எனக்கு." அவள் பெட்டியில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு மதியம் இதத்தான் தேடினேன். மாஸ்டர் அடுப்புல போட்டு எரிச்சிடலாம்னு."

அவன் தேவதையைப் பார்த்தான்.

"எரிக்கணும்னா எரி" என்றான். "இந்தப் பிள்ளைக்கு நல்லதுன்னா எரிச்சிடு. நான்தான பொறக்கறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு வெச்சேன். நான் வெச்சதுனாலதான் அவ போனா. எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்."

நாலு வருடமாக கெர்லிண்ட் தயாராக வைத்திருந்த வாக்கியம் அது. ரொட்டி எண்ணும்போது, துணி பிழியும்போது, அவன் முதுகைப் பார்த்துப் படுத்திருக்கும்போது எத்தனையோ முறை அதை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் அவன் முகத்தில் வீசப்போகிறோம் என்று வைத்திருந்தாள். அதை அவனே எடுத்துச் சொன்னபோது, பேக்கரியில் அந்தப் பெண்ணின் கையில் இரண்டாகக் கிடந்த ரொட்டி மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னாள்? சூடாகத் தூக்கினால் உடையத்தான் செய்யும்.

"இதயத்துல ஓட்டைன்னு டாக்டர் சொன்னாரு. ஏப்ரல் மாசமே விழுந்த ஓட்டை. நீ இத வாங்கினது நவம்பர்ல."

"அப்ப நீ அப்படி நெனக்கலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நெனச்சேன். இன்னைக்கு மதியம் வரைக்கும் நெனச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் பயமா இருக்கு. ஆனா உன்னால இல்ல."

மெழுகு சொட்டியது. ஃபால்க் குனிந்து அதை நகத்தால் சுரண்டினான்.

"நீ அவளப் பாத்தியா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. பிரசவத்தில் கெர்லிண்டுக்குக் காய்ச்சல், பிள்ளையைத் துணியில் சுற்றி ஒரு நிமிடம் காட்டி எடுத்துப்போனார்கள், மூடிய கண்கள்தான் நினைவில் இருந்தன.

"ஜன்னல்லதான். அப்பாக்கள உள்ள விட மாட்டாங்கல்ல? கீழ முற்றத்துல பனியில எட்டுப் பேர் நின்னோம். மாடில நர்ஸு ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டினா. என் பேரக் கூப்பிட்டா. நான் தொப்பியக் கழட்டினேன், ஏன்னு தெரியல." நிறுத்தினான். "அவ கொட்டாவி விட்டா."

"என்னது?"

"வாயப் பெருசாத் தொறந்து. என்னப் பாத்து. பக்கத்துல இருந்தவன், 'உன் மூஞ்சியப் பாத்ததுமே தூக்கம் வந்துடுச்சுடா'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் பாக்கல."

கெர்லிண்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் வீட்டுக்குள் நடந்த பிள்ளைக்கு முகமில்லை. இப்போது அதற்கு ஒரு வாய் இருந்தது. தூக்கம் வந்து திறந்த சின்ன வாய். அதற்கு யாரையும் துணைக்குக் கேட்கத் தெரியாது. அது தூங்கப் பார்த்தது, அவ்வளவுதான்.

"நாலு வருஷம் இத நீ மட்டும் வெச்சிருந்தியா?" என்று அழுதாள். கோபம்தான் முதலில் வந்தது. "எனக்கு ஒண்ணுமே இல்லாம? ஒரு கொட்டாவிகூட இல்லாம?"

அவன் அவள் தலையைத் தன் கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

சுடர்கள் பாதி வந்தபோது அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "கீழ கொண்டு வா. முன்னறைக்கு."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு எண்ணட்டும். அதுக்குத்தான ஜன்னல்."

இறங்கும்போது ஏணி முழுவதும் பயந்தாள். முன்னறை ஜன்னலில் வளைவு விளக்குக்குப் பக்கத்தில் தேவதையை ஃபால்க் வைத்தபோதும் பயம் அப்படியே இருந்தது. வயிற்றில் கையை வைத்தபடி அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். நூற்றுப்பத்து வரை எண்ணியபோது உள்ளே ஒரு முழங்கால் புரண்டது. அதை அவள் நல்லதுக்கோ கெட்டதுக்கோ சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள ஆரம்பித்தால் ஜனவரி வரை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மாலை நாலரை மணிக்கு அழைப்புமணி விடாமல் அடித்தது. மெல்ட்ஸர் அம்மா. கம்பளிச் சால்வை ஒரு பக்கம் தொங்க, மூச்சிரைக்க நின்றார். பார்வை நேராகக் கெர்லிண்டின் வயிற்றுக்குப் போயிற்று.

"இன்னும் பொறக்கலயா?"

"இல்ல அம்மா."

"அப்பறம் அங்க எப்படி..." ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். "ராத்திரியே பொறந்துடுச்சு, பொண்ணுன்னு நெனச்சு ஓடி வரேன். மறுபடியுமா? உங்க ரெண்டு பேருக்கும் புத்தியே வராதா? பொறக்காத பிள்ளைக்கு விளக்கு வெக்காதீங்கன்னு நேத்துதான படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! முதல்ல எடு அத!"

"இது வயித்துல இருக்கிறதுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

கெர்லிண்ட் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெயரைச் சொல்ல இவ்வளவு காற்று வேண்டியிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"டோரித்துக்கு. என் மூத்தவளுக்கு. நேத்தோட நாலு வயசு முடிஞ்சுது."

மெல்ட்ஸர் அம்மா சால்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எதையோ சொல்ல வந்து, வேறு எதையோ சொன்னார்.

"மெழுகு இருக்கா? கடையில இந்த வாரம் வரல."

"ரெண்டுதான் இருக்கு."

"என்கிட்ட ஒரு பாக்கெட் இருக்கு. கொண்டாறேன்." படியிறங்கியவர் பாதியில் நின்றார். திரும்பாமலே கேட்டார். "அப்ப இந்த வீட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கட்டுமா?"

"இப்பத்திக்கு ஒண்ணு" என்றாள் கெர்லிண்ட். "ஜனவரில வந்து மறுபடி எண்ணுங்க."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. பனியில் நடந்து போன கிழவி தெருமுனை விளக்குக் கம்பத்தின் கீழ் நின்று, ஒவ்வொரு ஜன்னலாகத் தலையை நகர்த்தி வந்து, இவர்கள் ஜன்னலுக்கு ஒரு விரலை மடக்கும் வரை கெர்லிண்ட் பார்த்துக்கொண்டு நின்றாள்.